நம் மஹல்லாவின் சாரணியரும் நோன்புக் கஞ்சி அண்டாக்களும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பெண் கல்வியின் அவசியம் பற்றி இருபது நிமிடம் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். அத்தலைப்பில் சென்ற ஆண்டும் பேசினோம். அதற்கு முந்தைய ஆண்டும் பேசினோம். இரு முறையும் தாங்கள் தலையசைத்துக் கேட்டீர்கள். பிறகு தப்ரூக் பொட்டலத்துடன் இல்லம் சென்றீர்கள். இம்முறை பொதுவாகப் பேசாமல், நம் மஹல்லாவைச் சேர்ந்த பதினோரு சிறுமியர் சென்ற மழைக்காலத்தில் செய்த ஒரு பணியைப் பற்றியும், அப்பணியில் நாம் இழைத்த ஒரு பிழையைப் பற்றியும் பேச அனுமதி வேண்டுகிறோம். பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆவணி இறுதியில் ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின், நம் மஹல்லாவின் மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் மகளையும் அவளுடைய தோழியர் இருவரையும் அழைத்துக்கொண்டு மதரஸா அலுவலகத்திற்கு வந்தார். அம்மாணவி பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். நகரின் பெண்கள் பள்ளியில் சாரணியர் இயக்கத்தில் அணித்தலைவியாக இருக்கிறாள். கையில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. மழை தொடங்குமுன் மஹல்லாவின் எல்லா வீடுகளுக்கும் சென்று, தேங்கிய நீரில் டெங்குக் கொசுப்புழு இருக்கிறதா எனப் பார்த்து, வீட்டுப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புவதாகவும், ஜும்ஆவில் ஓர் அறிவிப்புச் செய்தால் கதவுகள் திறக்கும் என்றும் அவள் கூறினாள்.

நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "நல்ல எண்ணம்தான் மகளே. ஆனால் இது நகராட்சியின் வேலை. நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்குவது அழகாக இராது. பொதுத்தேர்வும் வருகிறது. இளைஞர் சங்கத்தாரிடம் சொல்லிப் பார்ப்போம்" என்றோம். அவள் மறுத்துப் பேசவில்லை. நோட்டை மூடிக்கொண்டு, "சரி ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுச் சென்றாள். இளைஞர் சங்கத்தாரிடம் சொல்லவும் நாம் மறந்துபோனோம்.

ஐப்பசி மழை கொட்டியது. கார்த்திகை பிறக்குமுன் நம் தெருக்களில் காய்ச்சல் பரவியது. மதரஸாவுக்குப் பின்புறச் சந்தில் வசித்த, இரு சிறு குழந்தைகளின் தாயான ஒரு சகோதரி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டெங்குக் காய்ச்சலால் காலமானார். அந்த ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்தினோம். தாங்களும் ஸஃபில் நின்றீர்கள். இளைய குழந்தை அன்று தன் தாத்தாவின் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் காலை நாம் அந்த மளிகைக் கடைக்குச் சென்றோம். "மகளை வரச் சொல்லுங்கள், நோட்டையும் எடுத்து வரட்டும்" என்றோம்.

இனி அச்சிறுமியர் சேர்ந்துள்ள இயக்கத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம்மில் பலர் அதைச் சுதந்திர தின அணிவகுப்போடு நிறுத்தி வைத்திருக்கிறோம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தளபதி. 1907ஆம் ஆண்டு பிரவுன்சீ என்னும் தீவில் சிறுவர்களுக்காக ஒரு பாசறை நடத்தினார். மறு ஆண்டு நூல் வெளியிட்டார். பெண்களுக்கு அதில் இடம் கருதப்படவில்லை. ஆனால் 1909 செப்டம்பரில் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆயிரக்கணக்கான சாரணச் சிறுவர்கள் கூடியபோது, அழைப்பேதும் இல்லாமலே சிறுமியர் சிலர் தாமே தைத்துக்கொண்ட சீருடையுடன் அங்கு வந்து நின்றார்கள். தங்களுக்கும் ஏதேனும் வேண்டும் என்று கேட்டார்கள். அதன் விளைவாகவே 1910இல், பேடன் பவலின் சகோதரி ஆக்னஸ் அம்மையாரின் பொறுப்பில் சாரணியருக்கெனத் தனி அமைப்பு உண்டானது. நம் நாட்டிற்கு 1911லேயே ஜபல்பூர் வழியாக அது வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொரு செய்தியைப் படித்தபோது நாம் சிரித்துவிட்டோம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் உளவுத்துறை, இரகசியக் கடிதங்களை அறைக்கு அறை கொண்டு செல்லச் சாரணச் சிறுவர்களைத்தான் முதலில் அமர்த்தியது. சிறுவர்கள் ஓயாமல் பேசினார்கள்; வேலையற்ற நேரத்தில் தொல்லை செய்தார்கள். ஆகவே அவர்களை நீக்கிவிட்டு, 14, 15 வயதுச் சாரணியரை அமர்த்தினார்கள். போர் முடிந்து 1919இல் பாரிஸில் அமைதி மாநாடு கூடியபோதும் அவர்களில் சிலரை உடன் அழைத்துச் சென்றார்கள். பெண்களிடம் இரகசியம் தங்காது என்று கடைத்திண்ணையில் அமர்ந்து பேசுகிற நம் பெரியவர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறோம்.

நம் நாட்டில் விடுதலைக்குப் பின் பல பெயர்களில் பிரிந்துகிடந்த சாரணர் அமைப்புகளை ஒன்றாக்கியவர்களுள், அன்றைய கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் (ரஹ்) அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்ட் 15 அன்று பெண்களின் அமைப்பும் அதனோடு இணைந்தது. குர்ஆன் விரிவுரை எழுதிய ஓர் ஆலிம் முன்னின்று உருவாக்கிய அமைப்பு, முஸ்லிம் சிறுமிக்கு அந்நியமானது என்று எப்படிச் சொல்வது?

இருப்பினும் பெற்றோரின் ஐயங்களை நாம் இலேசாக எண்ணவில்லை. அவற்றுள் சில நம்முடைய ஐயங்களாகவும் இருந்தன. ஆகவே பள்ளியின் சாரணிய ஆசிரியையை அவருடைய கணவர் முன்னிலையில் சந்தித்து, நூலை வாங்கிப் படித்தோம். உறுதிமொழி இதுதான்: கடவுளுக்கும் நாட்டிற்கும் தன் கடமையை ஆற்றவும், பிறருக்கு உதவவும், சாரணியர் விதிக்குக் கீழ்ப்படியவும் இயன்றவரை முயல்வதாகச் சிறுமி தன் மானத்தின் மீது உறுதி கூறுகிறாள். விதிகள் ஒன்பது. நம்பத்தகுந்தவளாக, பிற உயிர்களிடம் பரிவுள்ளவளாக, பொதுச்சொத்தைக் காப்பவளாக, சிக்கனமுள்ளவளாக, எண்ணம் சொல் செயலில் தூயவளாக இருக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. இவற்றில் நம் பிள்ளை ஏற்க முடியாதது எதையும் நாம் காணவில்லை. கடவுள் என்ற சொல் அவள் உள்ளத்தில் அல்லாஹ்வையே குறிக்கும்.

இயக்கத்திற்கென இந்தி மொழியில் ஒரு வழிபாட்டுப் பாடல் இருக்கிறது. அதைப் பாட மனம் ஒப்பாதவர் அமைதியாக நிற்கலாம் என்று ஆசிரியை முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார். பாசறைகளில் எல்லாச் சமயத்தாரும் தத்தம் பிரார்த்தனையைச் சொல்லும் கூட்டுவழிபாடும் உண்டு என்றார். இடக்கையால் கைகுலுக்குவது அவர்களின் மரபு. இதைப் பற்றி ஒரு பெரியவர் நம்மிடம் அரை மணி நேரம் வாதிட்டார். அது அவர்களுக்குள் ஓர் அடையாளம், வணக்கமன்று. உண்பதும் கொடுப்பதும் வலக்கையால் நடக்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம். சீருடையில் சல்வார் கமீஸும் துப்பட்டாவும் உண்டு. நம் பிள்ளைகள் தலையை மூடிக்கொண்டே செல்கிறார்கள்.

பெண் பொதுப்பணிக்குப் புறப்படுவதே நம் மார்க்கத்திற்குப் புதிது என்று கூறுவோருக்கு உஹுதுக் களத்தை நினைவூட்ட விரும்புகிறோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் உம்மு சுலைம் (ரலி) அவர்களும் தண்ணீர்த் தோல்பைகளைச் சுமந்து சென்று, களத்திலிருந்தோருக்குப் புகட்டியதை ஹதீஸ் கிதாபுகளில் நாம் ஓதிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் உடன் சென்று உணவு சமைத்தார்கள், காயமுற்றோருக்கு மருந்திட்டார்கள். ஓதிக்கொடுக்கும்போது நமக்கு அது பெருமையாக இருக்கிறது. நம் தெருச் சிறுமி நோட்டுடன் வந்து நின்றால் அழகாக இராது என்கிறோம்.

சரி, அவர்கள் என்ன செய்தார்கள்?

நிர்வாகக் குழுவில் முதலில் ஒரு யோசனை எழுந்தது: இளைஞர் சங்கம் பணியை முன்னின்று நடத்தட்டும்; சிறுமியர் துண்டறிக்கை கொடுத்து உதவட்டும். நமக்கும் அது சரியாகவே பட்டது. அவளை அழைத்துக் கேட்டோம். சிறிது நேரம் கால்விரலால் பாயைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிறகு சொன்னாள்: "ஹஜ்ரத், அண்ணன்மார் வாசல் வரைதான் வருவார்கள். புழு கொல்லைப்புறத்தில் இருக்கிறது."

இதற்கு மேல் குழுவில் யாரும் பேசவில்லை. உண்மை அதுவே. நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் பகல் பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஆண்கள் இல்லை. "ஆம்பளைங்க இல்லை, அப்புறம் வாங்க" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. அவர் வாசல் தொட்டியில் அபேட் மருந்தை ஊற்றிவிட்டு, சுவரில் தேதியைக் குறித்துவிட்டுச் செல்கிறார். அவர் மீது குற்றமில்லை. உள்ளே குளியலறைத் தொட்டியையும், கிணற்றடி வாளியையும், ஆட்டுக்கல் குழியையும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் பார்த்தவர் யாருமில்லை. அங்கெல்லாம் செல்லக்கூடியவர்கள் இந்தப் பதினோரு பேர் மட்டுமே. மறைவைப் பேணும் நம் வீடுகளுக்கு ஒரு பெண்பிள்ளைதான் வர முடியும் என்பதை, மறைவைப் போதிக்கும் நமக்கு ஒரு பெண்பிள்ளை சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் இரு அணிகளாகப் பிரிந்தார்கள். சாரணியர் முறையே அதுதான்: ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணி, அதற்கு அவர்களுள் ஒருத்தியே தலைவி, ஆசிரியை வழிகாட்டுவாரேயன்றி அணியை நடத்துவது தலைவியே. நம் பதினொருவருள் ஐவர் கடைத்தெருப் பக்கத்தையும் அறுவர் பள்ளிவாசல் பக்கத்தையும் எடுத்துக்கொண்டனர். சனி, ஞாயிறு மாலைகளில் அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடித்தனர். ஒவ்வோர் அணியுடனும் ஒரு தாய் சென்றார். கையில் ஒரு டார்ச் விளக்கு, வெள்ளைக் கிண்ணம் ஒன்று, ஒரு தேங்காய் நார்க் கற்றை.

அந்த நார் எதற்கு என்று நாம் கேட்டோம். அன்று கற்றதைத் தாங்களும் கேளுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் நன்னீர் என்று சேமித்து வைக்கும் நீரையே நாடுகிறது. கடிப்பதும் பகலில்தான். நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அவை நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் ஏறினால் பொரித்துவிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது; வாரம் ஒரு முறை உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். நாற்பது வயதைக் கடந்த நமக்கு இது தெரியாது. தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் தீர்ந்தது என்றே எண்ணியிருந்தோம்.

முதல் சனிக்கிழமை மாலை அணித்தலைவி நம்மிடம் வந்தாள். "ஹஜ்ரத், வீடுகளுக்குப் போகுமுன் மதரஸாவைப் பார்த்துவிடலாமா? இல்லாவிட்டால் நம்மை யாராவது கேட்பார்கள்" என்றாள். பள்ளிவாசல் ஹவுளில் மீன்கள் இருக்கின்றன. அங்கு ஒரு புழுவும் இல்லை. மையித்துக் குளிப்பாட்டும் அறையின் பிளாஸ்டிக் பீப்பாயில் இருந்தது. பின்பு மதரஸாவின் கொல்லைப்புறக் கொட்டகைக்குச் சென்றோம். ரமலான் முடிந்து நோன்புக் கஞ்சி அண்டாக்களை அங்கே வைத்துப் பூட்டியிருந்தோம். கொட்டகையின் தகரம் காற்றில் பெயர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன; யாரும் பார்க்கவில்லை. ஐந்து அண்டாக்களில் இரண்டு கவிழ்ந்திருந்தன. மூன்று நிமிர்ந்து கிடந்தன, மூன்றிலும் மழைநீர். அவள் வெள்ளைக் கிண்ணத்தால் மொண்டு டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள். நீர் முழுவதும் துள்ளிக்கொண்டிருந்தது.

கொட்டகைச் சுவருக்கு அப்பால்தான் அந்தச் சகோதரியின் வீடு. நாற்பது அடி இருக்கும். ஏடிஸ் கொசு வெகுதூரம் பறப்பதில்லை என்று அவர்களின் நோட்டில் எழுதியிருந்தது. அவரைக் கடித்த கொசு எங்கிருந்து வந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். நாம் அதைத் தீர்மானிக்க முடியாது. ஆயினும் ஆவணியில் அந்தப் பிள்ளையின் நோட்டை நாம் திறந்து பார்த்திருந்தால், அவள் முதலில் வந்திருக்கக்கூடிய இடம் இந்தக் கொட்டகைதான். அன்றிரவு நாம் உறங்கவில்லை. அந்தக் குடும்பத்தாரிடம் சென்று இதைச் சொல்லிவிட்டோம். சகோதரியின் தந்தை நம் கையைப் பற்றிக்கொண்டாரே தவிர ஒன்றும் பேசவில்லை.

மூன்று அண்டாக்களையும் சிறுமியரும் மோதினாரும் சேர்ந்து தேய்த்துக் கழுவினார்கள். அண்டாவுக்குள் இறங்கித்தான் தேய்க்க முடிந்தது. பிறகு வீடுகளுக்குச் சென்றார்கள். எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்ற கணக்கு செயலாளரிடம் நோட்டாகவே உள்ளது. நாம் எண்ணியதைவிட மிக அதிகம். வேண்டுவோர் அவரிடம் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டு எண்கள் மறைக்கப்பட்டிருக்கும். காரணம் உண்டு.

இரண்டாம் வாரம் அவர்கள் ஒரு தவறு செய்தார்கள். புழு காணப்பட்ட வீடுகளின் கதவு எண்களைத் தாளில் எழுதி மதரஸாவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அன்று இஷாவுக்குள் நான்கு வீடுகளிலிருந்து சண்டை வந்தது. "எங்கள் வீட்டை அசிங்கப்படுத்த இவர்கள் யார்?" என்று தாய்மார் கேட்டதில் நியாயம் இருந்தது. பிறர் குறையை மறைப்பது பற்றி நாமாவது அவர்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். குழுவில் ஒருவர், "இதற்குத்தான் சொன்னேன்" என்று தொடங்கினார். அதற்குள் அணித்தலைவி தாளைக் கிழித்துவிட்டு, அந்த நான்கு வீடுகளுக்கும் தன் தாயுடன் சென்று மன்னிப்புக் கேட்டுவிட்டாள். ஒரு வீட்டில் உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அந்த வீட்டு மூதாட்டியே ஆளனுப்பி அழைத்தார். தவறு செய்தால் பணியையே நிறுத்திவிடுவது பெரியவர்களாகிய நம் வழக்கம். அவர்கள் நிறுத்தவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பணி பாதி நடக்கையில், ஒரு பிரமுகரை அழைத்துத் துவக்க விழா நடத்தலாம், பதாகை அடிக்கலாம் என்று நம்மில் சிலர் விரும்பினோம். பதாகையில் யார் படம் பெரிதாக வருவது என்பது பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினோம். அந்த மாலையில் அவர்கள் பன்னிரண்டு வீடுகளை முடித்திருந்தார்கள். பதாகை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அமெரிக்காவில் இதே இயக்கத்தின் கிளை எவ்வாறு நடக்கிறது என்று தேடிப் படித்தோம். அங்கு 1912ஆம் ஆண்டு சவானா என்னும் நகரில், செவித்திறன் குன்றியிருந்த ஜூலியட் கார்டன் லோ என்னும் பெண்மணி பதினெட்டுச் சிறுமியருடன் அதைத் தொடங்கினார். இன்று உயர்நிலைப் பள்ளிச் சிறுமியருக்கு அங்கே வழங்கப்படும் மிக உயர்ந்த விருதுக்குத் தங்க விருது என்று பெயர். 1916 முதல் வேறு பெயர்களில் இருந்துவந்த இவ்விருது 1980இல் இப்பெயரைப் பெற்றது. அதைப் பெற விரும்பும் சிறுமி, தன் ஊரின் ஒரு பிரச்சினையைத் தானே தெரிந்தெடுக்க வேண்டும். அதன் வேரைத் தேட வேண்டும். துணைக்கு ஆட்களைத் திரட்டித் திட்டம் வகுத்து, ஒப்புதல் பெற்று, ஏறத்தாழ 80 மணி நேரமாவது அதற்குச் செலவிட வேண்டும். இவையெல்லாம் நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை. வியப்பாக இருந்த நிபந்தனை வேறொன்று: அச்சிறுமி விலகிய பின்னும் அப்பணி தொடரும்படி அமைந்திருக்க வேண்டும். ஒருநாள் துப்புரவு செய்து படம் எடுத்துக்கொண்டால் அது கணக்கில் வராது. உணவுப் பொட்டலம் வழங்குவது நற்செயல்தான். ஆனால் பொட்டலம் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டு அதைச் சரிசெய்வதையே அவ்விருது எதிர்பார்க்கிறது.

இந்த நிபந்தனையை நம் ஜமாஅத்தின் பணிகள் மீது வைத்துப் பார்த்தால் நமக்கு எத்தனை விருது கிடைக்கும் என்று எண்ணினோம். அதை இங்கு விரிக்க வேண்டாம்.

நம் பிள்ளைகள் அமெரிக்க விதியைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் எல்லா வீட்டிலும் தொட்டியைத் தேய்ப்பது என்று வைத்தால் மறக்காது என்றாள் ஒருத்தி. வெள்ளிக் குளிப்பை மறக்காத நம் வீடுகளில் அதனோடு தொட்டியும் சேர்ந்துகொண்டது. எட்டாம் வகுப்புச் சிறுமியர் நால்வரை இப்போதே உடன் அழைத்துச் செல்கிறார்கள். பத்தாம் வகுப்பார் தேர்வுக்குச் சென்றால் அந்த நால்வர் நடத்துவார்கள்.

இப்போது குழுவின் முன்பும் தங்கள் முன்பும் உள்ள விஷயத்திற்கு வருகிறோம். இவ்வியக்கத்தில் பிரதம், துவிதிய, திருதிய சோபான் என்று படிகள் உண்டு. அதன் மேல் ஆளுநரின் ராஜ்ய புரஸ்கார், பின்னர் குடியரசுத் தலைவர் விருது. நம் பிள்ளைகள் இருவர் ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்குத் தகுதி பெற்றுள்ளனர். அதற்குப் பாசறையில் இரவு தங்க வேண்டும். இருவர் வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். மறுத்த தந்தையரை நாம் குறைகூற மாட்டோம். பெண்பிள்ளையை இரவு வெளியில் தங்க அனுப்ப அஞ்சும் தகப்பன் பழைமைவாதி அல்லன், அவன் தகப்பன். ஒருவர் நம்மிடம், "ஹஜ்ரத், உங்கள் மகளாக இருந்தால் அனுப்புவீர்களா?" என்று கேட்டார். நமக்கும் பெண் இருக்கிறாள், ஆறாம் வகுப்பு. உடனே விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

பிறகு யோசித்தோம். யாருடன் அனுப்புகிறோம் என்பதே நம் அச்சத்தின் மூலம். சாரணியரின் பாசறையைப் பெண்களே நடத்துகிறார்கள். அப்பெண்களுள் நம் மஹல்லாப் பெண் எவரும் இல்லை. ஏனெனில் நாம் எவரையும் அனுப்பவில்லை. சாரணிய ஆசிரியையாவதற்கு அடிப்படைப் பயிற்சி உண்டு. நம் மஹல்லாவில் ஆசிரியப் பயிற்சி முடித்து வீட்டில் இருக்கும் சகோதரியர் சிலர் இருக்கிறார்கள். இருவர் இப்போது திரைக்கு அப்பால் அமர்ந்திருப்பதும் நமக்குத் தெரியும். அவர்களுள் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பி, அதற்கான செலவை ஜமாஅத் ஏற்கட்டும். அவர்கள் பொறுப்பில், மாவட்டத்திற்குள் நடக்கும் பாசறைக்குப் பிள்ளைகள் செல்லட்டும். தாய்மார் ஒருவர் உடன் தங்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். இதற்கு மேல் பெற்றோர் மறுத்தால் அது அவர்கள் உரிமை. நாம் மிம்பரிலிருந்து அவர்களை நெருக்க மாட்டோம். ஆனால் மார்க்கத்தைக் காரணம் காட்டி மறுப்பவர், அருள்கூர்ந்து முதலில் நம்மிடம் வரட்டும். ஆவணியில் நாமே அக்காரணத்தைப் பாதி காட்டிவிட்டோம். அதற்கு ஆதாரம் நம்மிடம் இருக்கவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் மதரஸா கூடத்தைச் சாரணியர் பயன்படுத்தவும் குழு ஒப்புதல் தர வேண்டுகிறோம். மக்தப் பிள்ளைகளின் நேரத்திற்கு இடையூறில்லை, மோதினாரிடம் பேசிவிட்டோம். பிற சமயச் சிறுமியரும் அதே சாரணிய அணிகளில் இருக்கிறார்கள், அவர்களும் வருவார்கள். அவர்களின் தெருக்களுக்கும் நம் பிள்ளைகள் சென்றிருக்கிறார்கள். கொசு மஹல்லா எல்லை பார்ப்பதில்லை.

கொட்டகைக்குப் புதிய தகரம் போடப்பட்டுவிட்டது. அதன் சாவி ஒன்று மோதினாரிடமும் மற்றொன்று அணித்தலைவியிடமும் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புச் சிறுமியர் நால்வரும் இமாம் இல்லத்திற்குச் சோதனைக்கு வருவதாகத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். நம் கொல்லையில் பழைய ஆட்டுக்கல் ஒன்று கிடக்கிறது. கவிழ்க்க முடியாத கனம். குழியில் மணல் இட்டு நிரப்ப வேண்டும். இன்று இஷாவுக்குப் பின் அந்த வேலை இருப்பதால் இத்துடன் விடைபெறுகிறோம். வஸ்ஸலாம்.